மேக்கன் முதல் ஜாக்சன்வில் வரை: ஓர் ஆட்டத்தின் பயணம்

அக்டோபர் கடைசியிலோ நவம்பர் முதல் வாரத்திலோ வரும் ஒரு சனிக்கிழமைக்காக அமெரிக்காவின் ஜார்ஜியா, ஃபுளோரிடா மாநிலங்கள் ஆண்டு முழுக்கக் காத்திருக்கின்றன. அன்றுதான் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் மோதும் கால்பந்தாட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து இது. ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரில் 90,000 பேருக்கு மேல் உட்காரும் மைதானம் இருக்கிறது. ஃபுளோரிடாவின் கேன்ஸ்வில்லில் இருப்பது 88,548 பேருக்கானது. ஆனாலும் இந்த ஆட்டம் இரண்டிலும் நடப்பதில்லை. வழக்கமாக ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில், ஜாகுவார்ஸ் என்ற தொழில்முறை அணி ஆடும் மைதானத்தில், அவற்றைவிடக் குறைவான இருக்கைகளுக்கு நடுவே நடக்கிறது.

கல்லூரி மாணவர்களின் ஆட்டத்துக்குத் தொழில்முறை மைதானத்தில் என்ன வேலை என்ற கேள்வி அங்கே பல ஆண்டுகளாக எழுந்துகொண்டிருக்கிறது. பொதுவாகப் பதில் சொன்னால் தவறிவிடும். இந்த ஓர் ஆட்டம் எந்தெந்த ஊர் வழியாக எப்படி இங்கே வந்தது என்று பார்த்தால் பதில் தானாகத் தெரியும்.

பிறந்த கதையிலேயே வழக்கு இருக்கிறது. 1904-ல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் நடந்த ஆட்டத்தை ஜார்ஜியா 52–0 என்று வென்றது. அதுதான் முதல் ஆட்டம் என்பது ஜார்ஜியாவின் கணக்கு. இன்றைய ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 1905-ல் மாநிலச் சட்டத்தால்தான் உருவானது. அதற்கு முந்தைய கல்லூரி வாங்கிய அடி எங்கள் கணக்கில் சேராது என்பது ஃபுளோரிடாவின் வாதம். எனவே ஃபுளோரிடாவின் பதிவேட்டில் இந்தக் கதை 1915-ல், ஜாக்சன்வில்லில் தொடங்குகிறது. அன்றும் ஜார்ஜியாவே வென்றது.

அதன் பிறகு ஆட்டம் நிலையான ஊர் இல்லாமல் அலைந்தது. ஏதென்ஸ், டாம்பா, மீண்டும் ஏதென்ஸ், ஜாக்சன்வில், சவானா என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தது. ஃபுளோரிடா தன் முதல் வெற்றியை 1928-ல் சவானாவில் பெற்றது. 1931-ல் கேன்ஸ்வில், 1932-ல் ஏதென்ஸ். 1933-ல் ஜாக்சன்வில்லுக்கு வந்தபோதுதான் அலைச்சல் நின்றது.

அந்த நேரத்தில் இரண்டு பல்கலைக்கழகங்களிடமும் புது மைதானங்கள் இருந்தன. ஏதென்ஸில் சான்ஃபோர்ட் மைதானம் 1929-ல் திறந்திருந்தது. கேன்ஸ்வில் மைதானம் 1930-ல். ஜாக்சன்வில்லில் இருந்ததோ 1928-ல் நகராட்சி கட்டிய ஃபேர்ஃபீல்ட் மைதானம், தொடக்கத்தில் 7,600 இருக்கை. ஆனால் ஜாக்சன்வில் அன்றைய ஃபுளோரிடாவின் மிகப் பெரிய நகரம். ரயில் பாதைகள் பலவும் கூடும் இடம். தங்கும் விடுதிகள் நிறைய. ஜார்ஜியா எல்லை மிகப் பக்கம். இரண்டு பக்கத்து ஆட்களும் வந்து சேர அதைவிட நல்ல ஊர் கிடையாது. இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத பொதுத் திடல் என்ற ஏற்பாடு தொலைக்காட்சிப் பணத்துக்காகப் பிறந்ததல்ல. ஜனங்கள் வந்து போகும் வழியைப் பார்த்துப் பிறந்தது.

ஆட்டம் வளர வளர மைதானமும் வளர்ந்தது. 1948-ல் இருக்கைகள் 16,000 ஆக, பெயரும் கேட்டர் பவுல் என்று மாறியது. பிறகும் பலமுறை விரிந்தது. போரால் 1943-ல் மட்டும் ஆட்டம் நடக்கவில்லை. மற்றபடி ஒவ்வோர் இலையுதிர்காலமும் செயின்ட் ஜான்ஸ் ஆற்றங்கரைக்கு இரண்டு மாநிலமும் திரண்டு வந்தன. சொந்தப் படகில் வருபவர்கள் அதை ஆற்றிலேயே கட்டி நிறுத்துகிறார்கள். வீட்டு வண்டிகளில் வருபவர்கள் நாட்கணக்கில் முன்பே வந்து மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு தற்காலிக ஊரையே எழுப்பிவிடுகிறார்கள். ஜார்ஜியா மாணவர்கள் முதல் நாள் செயின்ட் சைமன்ஸ் தீவின் கடற்கரையில் கூடுவது தனி வழக்கம். குடியும் கூத்தும் எல்லை மீறிய ஆண்டுகளும் உண்டு. மாணவர் மரணங்களுக்குப் பிறகு, மதுவை முன்வைத்து ஆட்டத்துக்கு வழங்கிவந்த செல்லப்பெயரைக் கைவிடும்படி 2006-ல் தொலைக்காட்சிகளிடம் கேட்டுக்கொண்டார்கள். அது சரியான முடிவு.

அந்தப் புல்வெளியில் நடந்தவற்றில் ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். 1980 நவம்பர் 8. தோல்வியே காணாமல் வந்த ஜார்ஜியா 20–21 என்று பின்தங்கியிருந்தது. ஒரு நிமிடம் போலத்தான் பாக்கி. பந்து அவர்களுடைய சொந்த எல்லைக்கோட்டிலிருந்து வெறும் 7 கஜத்தில். மூன்றாவது முயற்சி. பந்தை எறியும் பக் பெலூ வலப்பக்கம் ஒதுங்கி ஓடி, நடுவில் இடம் பிடித்து நின்ற லிண்ட்சே ஸ்காட்டுக்கு வீசினார். எட்டிப் பிடித்துத் தரையில் கால் பதித்துத் திரும்பிய ஸ்காட், ஒரு தடுப்பாளர் தடுமாறி விழுந்த இடைவெளியில் புகுந்து, பக்கக்கோட்டை ஒட்டி ஓடி எல்லையைத் தொட்டார். மொத்தம் 93 கஜம். ஆட்டம் 26–21. அந்தப் பருவத்தில் ஜார்ஜியா தேசிய சாம்பியன் ஆனது. அரங்கத்தின் ஒரு பாதி குதிக்க, மறுபாதி உறைந்து நின்ற நொடி அது. சொந்த மைதானத்தில் இப்படி ஒரு காட்சி அமையாது. அங்கே எதிரணிக்கு ஒரு மூலைதான் கிடைக்கும். இங்கே டிக்கெட்டுகள் சரிபாதி. ஜார்ஜியாவின் சிவப்பு முடியும் இடத்தில் ஃபுளோரிடாவின் நீலமும் ஆரஞ்சும் தொடங்கும். இரண்டு ஊருக்குப் பாத்தியப்பட்ட கண்மாய் மாதிரி, யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாததால்தான் இருவருக்கும் அதில் முழு உரிமை.

1993 நவம்பரில் ஜாக்சன்வில்லுக்கு ஒரு தொழில்முறை அணியை ஒதுக்கினார்கள். பழைய கேட்டர் பவுலைப் பெரும்பாலும் இடித்து, 1995-ல் ஜாகுவார்ஸ் ஆடப் புது அரங்கம் எழுந்தது. அந்த வேலையின் பொருட்டு இரண்டு ஆண்டுகள் கல்லூரி ஆட்டம் இடம்பெயர்ந்தது: 1994-ல் கேன்ஸ்வில், 1995-ல் ஏதென்ஸ். சொந்த மைதானம் கிடைத்தும் ஜார்ஜியாவுக்கு அது உதவவில்லை. ஸ்டீவ் ஸ்பர்ரியர் பயிற்றுவித்த ஃபுளோரிடா 52–17 என்று நொறுக்கியது. அந்த மைதானத்தில் எதிரணி எதுவும் அதுவரை 50-ஐத் தொட்டதில்லை. ஆட்டக்காரராக 1966-ல் ஜார்ஜியாவிடம் தோற்ற ஸ்பர்ரியர் அந்தக் காயத்தை மறந்திருக்கவில்லை.

1996-ல் ஆட்டம் ஜாக்சன்வில்லுக்கே திரும்பியது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆட்டம் தொழில்முறை மைதானத்தைத் தேடிப் போகவில்லை. அது அறுபது ஆண்டுகளாக ஆடிவந்த இடத்துக்குத் தொழில்முறை அணிதான் வந்து சேர்ந்தது. இன்று வாடகைக்கு வருவதுபோல் தெரியும் ஆட்டம்தான் அந்த மண்ணின் பழைய குடி.

ஆட்டம் ஜாக்சன்வில்லில் வேண்டாம் என்பவர்கள் சொல்லும் குறைகளும் உண்மையானவை. முதல் குறை தூரம். ஏதென்ஸிலிருந்து ஜாக்சன்வில் ஏறத்தாழ 550 கிலோமீட்டர். கேன்ஸ்வில்லிலிருந்து 120 கிலோமீட்டருக்குள்தான். திடல் இருப்பதும் ஃபுளோரிடா மண்ணில். இரண்டாவது குறையை ஜார்ஜியாவின் பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட் பல ஆண்டுகளாகவே வெளிப்படையாகச் சொல்லிவருகிறார்: பெரிய ஆட்டம் சொந்த ஊரில் நடந்தால், கல்லூரியில் சேரவிருக்கும் பள்ளி வீரர்களை அழைத்து வந்து காட்டலாம், பொதுத் திடலில் அதற்கு வழியில்லை. அவர் விஷயம் தெரியாமல் பேசுபவர் அல்ல. 1990 முதல் 2003 வரை ஜார்ஜியா ஜெயித்த ஒரே ஆட்டமான 1997 ஆட்டத்தில் தடுப்பாளராக ஆடியவர். மூன்றாவது குறை புதியது. இரண்டு அணிகளும் அங்கம் வகிக்கும் தென்கிழக்கு மாநாடு என்ற லீக்கில் 2026 முதல் ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது லீக் ஆட்டங்கள். ஒன்று பொதுத் திடலில் என்றால் சொந்த ஊரில் நான்குதான் மிஞ்சும். ஐந்தாவது ஆட்டம் ஓராண்டு விட்டு ஓராண்டு கிடைக்கும் மற்ற ஊர்களின் கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் பெறும் வருமானம் ஏதென்ஸுக்கும் கேன்ஸ்வில்லுக்கும் இல்லை.

பொதுத் திடல் என்ற பெயரே ஒன்றையும் நியாயப்படுத்திவிடாது என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சிகள் உண்டு. அலபாமாவும் ஆபர்னும் பல ஆண்டுகள் பர்மிங்ஹாமின் லீஜியன் ஃபீல்டில் மோதின. டிக்கெட் பாதிப்பாதி என்றாலும் அலபாமா தன் மற்ற ஆட்டங்களையும் அங்கே நடத்திவந்ததால் அதை எதிரி வீடு என்றே ஆபர்ன் கருதியது. 1989-ல் முதன்முறையாகத் தன் ஊருக்கு வரவழைத்து 30–20 என்று ஜெயித்தபோது ஆபர்ன் கொண்டாடியது நியாயமே. ஆர்கன்சாவும் டெக்சஸ் ஏ அண்ட் எம்-மும் 2009 முதல் டாலஸ் கவ்பாய்ஸின் பிரமாண்ட அரங்கத்தில் ஆடின. அந்த அணியின் உரிமையாளர் ஜெரி ஜோன்ஸ் ஆர்கன்சாவின் பழைய வீரர். நடுவில் சில ஆண்டுகள் கல்லூரி மைதானங்களில் நடந்த அந்த ஆட்டம், 2024-க்குப் பிறகு அரங்கத்தை விட்டு முழுமையாகக் கல்லூரிகளுக்கே திரும்பிவிட்டது. காசு கொடுத்துக் கூரையை வாங்கலாம். மூன்று தலைமுறை ஒரே ஆற்றங்கரைக்கு வந்து போன பழக்கத்தை அப்படி வாங்க முடியாது.

ஜாக்சன்வில்லில் அந்தப் பழக்கம் இருக்கிறது. அதை இழந்தால் முதலில் இழப்பவர்கள் தெற்கு ஜார்ஜியாக்காரர்கள். வேக்ராஸ், பிரன்ஸ்விக் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஏதென்ஸ் தூரம், ஜாக்சன்வில் பக்கம். அவர்கள் வரியில் நடக்கும் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு ஒருமுறையாவது அவர்கள் பக்கம் வருவதில் என்ன குறை? அவர்களுடைய நிலத்திலிருந்து பிறந்ததுதான் இந்த ஆட்டத்தின் பரிசும். இரு மாநில எல்லையில் கிடக்கும் ஓக்கிஃபனோக்கி சதுப்புநிலத்தில் வளர்ந்த, ஆயிரம் ஆண்டு பழைமையானது என்று சொல்லப்படும் சைப்ரஸ் மரத்தில் கையால் செதுக்கிய துடுப்பு. நீளம் 10 அடி. நிமிர்த்தி வைத்தால் எந்த ஆட்டக்காரரையும்விட உயரம். பெயர் சொல்லாத ஒருவர் 2009-ல் கொடுத்தது. ஜெயித்த பல்கலைக்கழகத்தின் மாணவர் பேரவை அடுத்த ஆண்டு வரை அதை வைத்திருக்கும்.

2025 நவம்பர் 1 அன்று ஜார்ஜியா 24–20 என்று வென்ற பிறகு ஆட்டம் மறுபடியும் இடம்பெயர்கிறது, மறுபடியும் ஜாகுவார்ஸ் அரங்கத்தின் பொருட்டே. 140 கோடி டாலரில் மைதானத்தைப் புதுப்பிக்கிறார்கள். 2026-ல் அட்லாண்டா, 2027-ல் டாம்பா, 2028-ல் ஜாக்சன்வில் என்பது ஏற்பாடு. அட்லாண்டா ஏதென்ஸுக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர். டாம்பா கேன்ஸ்வில்லுக்கு 200 கிலோமீட்டர் சொச்சம். ஆளுக்கொரு ஆண்டு பக்கத்து ஊர் என்பதால் கணக்கு சமம்தான். ஆனால் இரண்டும் தொழில்முறை அணிகளின் அரங்கங்கள். அங்கே இந்த ஆட்டத்துக்கென்று வேரூன்றிய வழக்கம் எதுவும் இல்லை. பெரிய நகரம், பெரிய காசோலை, மூடித் திறக்கும் கூரை என்று பழகிவிட்டால் 2028-ல் ஏன் திரும்ப வேண்டும் என்று யாராவது கேட்பார்கள்.

திரும்பத்தான் வேண்டும். புதுப்பிக்கும் செலவில் 77.5 கோடி டாலர் ஜாக்சன்வில் நகரத்தின் பணம், பாதிக்கு மேல். பெரிய நிகழ்ச்சிகளுக்கு இருக்கைகளை விரித்துக்கொள்ளும்படி அரங்கத்தை வடிவமைத்ததும் இந்த ஆட்டத்தையும் மனதில் வைத்துத்தான். பொதுப்பணத்தில் எழும் அரங்கத்தில் பழைய குடிக்கு இடம் கேட்பது சலுகை கேட்பதாகாது. கூடவே பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டிய இரண்டு உண்டு. பொதுத் திடலிலும் பள்ளி வீரர்களை வரவேற்க விதியைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். திடல் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை, ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும் ஏதென்ஸ், கேன்ஸ்வில் ஊர்களுக்குத் தரலாம். கிர்பி ஸ்மார்ட்டின் குறைக்கும் கடைக்காரர்களின் குறைக்கும் அதில் பதில் உண்டு.

கல்லூரி ஆட்டம் தொழில்முறை மைதானத்தில் நடக்கலாமா என்று கேட்டால், பெரும்பாலும் கூடாது என்பதே என் பதில். மாணவர்கள் நடந்தே போய்ப் பார்க்கும் மைதானம்தான் அதன் இயல்பான இடம். விலக்குத் தர வேண்டுமானால் இரண்டு பேரும் சரிபாதி ஆளும் இடமாக, பணம் வருவதற்கு முன்பே ஜனங்கள் தேர்ந்துகொண்ட ஊராக அது இருக்க வேண்டும். ஜாக்சன்வில் அந்த விலக்கை 1933-லிருந்து சம்பாதித்து வைத்திருக்கிறது. அட்லாண்டாவும் டாம்பாவும் இரண்டு ஆண்டுகளுக்கு இடம் கொடுக்கட்டும். அதற்கு மேல் அந்த ஆட்டத்தின் மேல் அவற்றுக்கு உரிமை கிடையாது.