தகரப் பெட்டியில் மூன்று அரசுகள்

நமது பாலக்காட்டு வீட்டை ஒழித்துக் கொடுக்க நேர்ந்தபோது பரண்மீது ஒரு தகரப் பெட்டி அகப்பட்டது. தேவிகுளம் மலையில் தேயிலைத் தோட்டக் கணக்கராயிருந்த கொள்ளுப் பாட்டனாரின் பெட்டி அது. சாவி இல்லை, நெம்பித்தான் திறந்தோம். நகையை எதிர்பார்த்த சிறுவர்களுக்கு ஏமாற்றமே. உள்ளே செப்புக் காசுகளும் கடித உறைகளும் ஒரு துருப்பிடித்த ஆணியும் இருந்தன.

சங்கு பொறித்த அக்காசுகள் திருவிதாங்கூர் சமஸ்தானத்துச் சக்கரங்கள். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். போடிநாயக்கனூரிலிருந்து மலையேறியவர்கள் போடிமெட்டைத் தாண்டியதும் இந்த அரைச் சக்கரக் கணக்கும் பார்க்க வேண்டியிருந்தது. தபாலும் வேறு. ‘அஞ்சல்’ என்று இன்று நாம் பொதுவாக வழங்கும் சொல், அன்று அச்சமஸ்தானத்தின் சொந்தத் தபால் துறைக்குப் பெயர். 1951-இல்தான் அது இந்தியத் தபாலுடன் இணைந்தது.

ஆணியை எறியவிருந்தோம். சுற்றியிருந்த காகிதத்தில் ‘1099’ என்ற எண்ணைக் கண்டு கை நின்றது. கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924. அவ்வாண்டு ஜூலையில் பெய்த பெருமழையை மலைநாட்டார் இன்றும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்றே சொல்வர். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலையைச் சுமந்து சென்ற குண்டளைப் பள்ளத்தாக்குச் சிறு ரயில் அதில் அழிந்தது, மீண்டும் போடப்படவேயில்லை. நம் கையிலிருந்தது தண்டவாள ஆணி!

உறைகளில் ‘பாலக்காடு, மலபார் ஜில்லா’ என்றே விலாசம். அன்று பாலக்காடு கோயம்புத்தூரைப் போலவே சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. பக்கத்துச் சித்தூரோ கொச்சி சமஸ்தானம். அவ்வூர் நிலத்தைப் பற்றிய கொச்சி முத்திரைத் தாள் ஒன்றும் பெட்டியின் அடியில் மடிந்து கிடந்தது.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தன. தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களைத் தமிழகத்துடன் சேர்க்கக் கோரி நடந்த கிளர்ச்சி நேயர்களுக்கு நினைவிருக்கும், அல்லது பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவை கேரளத்திலேயே நின்றன, பாலக்காடும் கேரளமாயிற்று. அதனால் ஒரு விந்தை. கொள்ளுப் பாட்டனார் மலையிறங்கிக் கோயம்புத்தூர் வழியே வீடு வந்தபோது போடிமெட்டில் மட்டுமே ஓர் அரசின் எல்லையைக் கடந்தார். வாளையாற்றில் இருந்தது வெறும் ஜில்லா எல்லை. இன்று அதே வழியில் வருகிறவர் கேரளத்தில் புறப்பட்டு, தமிழ்நாட்டைக் கடந்து, மறுபடியும் கேரளத்துக்குள் நுழைகிறார். திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் மலபாருக்கும் இடையே இருந்த எல்லைகளோ மறைந்து போயின.

பம்பாயிலோ டில்லியிலோ குடியேறிய அன்பர்கள் ஊர் வீட்டை ஒழிக்கும்போது காசுகளை எப்படியும் எடுத்து வைப்பார்கள். உறைகளைத்தான் அடுப்பில் போட்டுவிடுகிறார்கள். எந்த ஊர் எந்த அரசின் கீழ் இருந்ததென்பதை அந்த விலாசமும் தபால் முத்திரையும் சொல்லும். நம் பெட்டியிலும் ஓர் உறை மூலை கிழிந்திருக்கிறது. தபால்தலை சேர்க்கும் ஆசையில் வீட்டுப் பிள்ளை யாரோ என்றோ கிழித்தது. அந்தக் கடிதம் அஞ்சலில் வந்ததா, தபாலில் வந்ததா என்று அறிய இனி வழியில்லை.