அலுமாரியில் இடமில்லாத ஆபிரிக்கர்

ஓர்ஸ் ஹில்லில், எங்கட பேச்சில் உவர்மலையில், துறைமுகத்தின் கதை கேட்டால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று வரிசையாகச் சொல்வார்கள். அவர்களோடு வந்த ஆபிரிக்கரை அந்த வரிசையில் யாரும் சேர்ப்பதில்லை. நூலக அலுமாரியிலும் அதே நிலைதான்.

ஆபிரிக்கர் இலங்கைக்கு வந்தது ஐரோப்பியரோடு மட்டுமல்ல. 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா, கொழும்பில் ஜாலஸ்தி என்ற கடலதிகாரியிடம் ஏறத்தாழ 500 ஹபஷிகள் இருந்ததாகத் தமது பயணநூலில் குறித்திருக்கிறார். போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் இறங்குவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்திய செய்தி இது. பிறகு போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆபிரிக்கரை அடிமைகளாகவும் படைவீரராகவும் கொண்டுவந்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் மூன்றாம் இலங்கைப் படைப்பிரிவை அவர்களைக் கொண்டே நிரப்பினர். படையிலிருந்து நீங்கிய பலர் புத்தளம் பக்கம் தங்கினர். அவர்களின் வழிவந்தோர் இன்றும் சிறாம்பியடியில் வாழ்கிறார்கள். திருகோணமலையிலும் இம்மரபினர் வாழ்ந்துவந்ததை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இவர்களை ஊர் 'காப்பிரி', 'காப்பிலி' என்றது. அந்தச் சொல்லின் வேர் நமக்கு மிக அருகில் இருக்கிறது. அரபு வணிகர் கிழக்காபிரிக்கக் கரையில் இஸ்லாத்தை ஏற்காதவரைச் சுட்டிய 'காபிர்' என்ற சொல்லைத்தான் போர்த்துக்கேயர் வாங்கி, நிறத்துக்கும் அடிமைத்தனத்துக்கும் பெயராக்கினர். தென்னாபிரிக்காவில் அது இன்று மிகக் கொடிய வசைச்சொல். இங்கோ, இந்த மக்களே தங்களை அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள். நூலகப் பட்டியலில் எந்தத் தலைப்பின் கீழ் இவர்களைப் பதிவது? என் எண்ணம் இதுதான்: பழைய ஆவணங்களில் உள்ள பெயரை அழிக்கக் கூடாது, தேட வருபவனுக்கு அது வேண்டும், ஆனால் தலைப்பு 'ஆபிரிக்க வழி இலங்கையர்' என்றே இருக்க வேண்டும்.

"நாலு குடும்பத்துக்காக ஒரு அலுமாரியா தம்பி?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆர்துரோ ஷொம்பேர்க்கின் கதை அதற்குப் பதில் சொல்லும். போர்ட்டோ ரிக்கோவில் 1874இல் பிறந்த அவர், கறுப்பருக்கு வரலாறு இல்லை என்ற பேச்சைப் பொய்யாக்க வாழ்நாள் முழுக்க நூல்களும் கையெழுத்துப் படிகளும் சேர்த்தார். நியூயோர்க் பொது நூலகத்துக்காக 1926இல் அந்தத் தொகுப்பு 10,000 டொலருக்கு வாங்கப்பட்டது. ஹார்லெமில் அவர் பெயரிலுள்ள ஆய்வு நிலையம் அதிலிருந்து வளர்ந்ததுதான். அதாவது, வரலாறு இல்லாமல் இருக்கவில்லை. சேர்த்துவைக்க ஆள்தான் இல்லாமல் இருந்தது.

நம்மவர்க்கு இன்னும் நெருக்கமான சான்றும் உண்டு. மேற்காபிரிக்காவின் பூட்டா தோரோவில் மார்க்கக் கல்வி கற்ற உமர் இப்னு ஸயீத் 1807இல் அடிமையாக அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1831இல் தமது வாழ்க்கையை அரபியில் எழுதினார். அந்தச் சிறு கையெழுத்துப் படியை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2017இல் வாங்கி, பின்னர் எல்லாரும் படிக்க இணையத்தில் வைத்தது. யாரோ ஒருவர் அந்தத் தாள்களைப் 'பழைய காகிதம்' என்று எறிந்திருந்தால், உமரும் பெயரற்ற அடிமைகளில் ஒருவராகவே போயிருப்பார்.

இங்கே எறியப்படுவது காகிதம் மட்டுமல்ல, குரலும்தான். சிறாம்பியடியினரின் மாஞ்சா பாடல்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் அமைந்தவை. பாட்டு வாயில் நிற்கிறது, ஆனால் அந்த மொழியை வீட்டில் பேசுவோர் அருகிவிட்டார்கள். ஒலிப்பதிவும் பொருளுரையும் இல்லாவிட்டால், அடுத்த தலைமுறைக்கு மெட்டு மட்டும்தான் மிஞ்சும்.

ஆகவே திருகோணமலை நூலகங்களில் ஒரு தட்டாவது ஒதுக்கப்பட வேண்டும். இப்னு பதூதாவின் பயணநூல், ஷிஹான் டி சில்வா ஜயசூரியவின் ஆய்வுகள், கத்தோலிக்க ஆலயங்களின் ஞானஸ்நானப் பதிவேட்டுப் பிரதிகள், மாஞ்சா ஒலிப்பதிவுகள் ஆகியவற்றோடு தொடங்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளுக்கும் இவற்றின் பிரதியைக் கொடுக்கலாம். எது வெளியில் வரலாம், எது குடும்பத்துக்குள் இருக்க வேண்டும் என்பதை அந்த மக்களே சொல்லட்டும்.

பிலால் (ரலி) அவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழும் சமூகம் நாம். அந்த ஹபஷியின் குரலைப் போற்றும் நமக்கு, பக்கத்து ஊர் ஆபிரிக்கரின் குரலைக் காப்பதிலும் பங்கு இருக்கத்தான் வேணும்.