சிலேடையும் நொடியும்: தமிழ்ச் சொல்விளையாட்டில் நகையின் சமூகப் பொருள்

தமிழிலக்கிய வரலாற்றை எழுதப் புகுந்தோர், தனிப்பாடல்களை எதிர்கொள்ளுமிடத்துப் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுள் ஒன்றையே மேற்கொண்டு வந்துள்ளனர். பண்டித மரபினர் காளமேகத்தின் சிலேடைகளை எடுத்தோதி, அவற்றின் நயத்தை வியந்து, வியப்போடு அமைந்துவிடுவர். முற்போக்குத் திறனாய்வாளர் சிலரோ, இவை நிலப்பிரபுத்துவச் சீரழிவுக் காலத்தின் சொற்சிலம்பம் என ஒரு வாக்கியத்தில் தீர்ப்புக் கூறி அப்பாற் செல்வர். வியப்பவருக்கும் வெறுப்பவருக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. இப்பாடல்களைக் கேட்டுச் சிரித்தவர் யார், யாரைக் குறித்துச் சிரித்தனர், அச்சிரிப்புக்குப் பரிசில் கொடுத்தவர் யார் என்னும் வினாக்களை இரு திறத்தாரும் எழுப்புவதில்லை. அவ்வினாக்களையே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விழைகின்றோம்.

சொல்லை மறைத்து விளையாடும் வழக்கம் தமிழிற் பழையது. தொல்காப்பியச் செய்யுளியல் யாப்பின் வழிப்பட்ட எழுவகை நிலங்களுள் பிசியையும் அங்கதத்தையும் சேர்த்து எண்ணுகிறது. பிசி எனப்படுவது இன்று நாம் விடுகதை என்றும், ஈழத்து வழக்கில் நொடி என்றும் கூறுவதன் முன்னோடி. அங்கதமோ செம்பொருள், பழிகரப்பு என இரண்டாகும். வெளிப்படையாகப் பழிப்பது ஒன்று. பழிப்பைச் சொல்லுள் ஒளித்து வைப்பது மற்றொன்று. மெய்ப்பாட்டியலில் நகைக்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் கூறப்படுகின்றன. இந்நான்கும் ஒருவரையொருவர் நோக்கும் நோக்கைப் பற்றியன என்பது மனங்கொளத்தக்கது. எள்ளுபவனுக்கும் எள்ளப்படுபவனுக்கும் இடையே ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆகவே நகையைச் சமூக உறவாகக் காண்பது, நாம் புறத்தேயிருந்து தமிழ்மீது ஏற்றும் கோட்பாடு அன்று.

சிலேடை அணியிலக்கணத்தின் வழி வந்தது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் தண்டியலங்காரம் அதனைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை எனப் பகுக்கும். சொல் பிரியாது நின்று இருபொருள் தருவது முன்னையது. வேறுவேறாகப் பிரிந்து இருபொருள் தருவது பின்னையது. இரண்டையும் கையாளுதற்கு வேண்டிய மூலப்பொருளைச் சேமித்து வைத்திருந்தவை நிகண்டுகள். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகியவற்றில் ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி என்றொரு பகுதியே உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டை மனனம் செய்தவனே சிலேடையை இயற்றவும் விளங்கவும் வல்லவனாயினான். அக்கல்வி எல்லாச் சாதியினர்க்கும் கிட்டியதில்லை. பெண்களுக்குப் பெரும்பாலும் கிட்டவேயில்லை. ஒரு சொல்லின் இரண்டாம் பொருளைக் கண்டு சிரித்தவன், தான் கற்றோர் குழுவைச் சேர்ந்தவன் என்பதையும் அச்சிரிப்பினாலேயே அறிவித்துக்கொண்டான்.

எனினும், 15ஆம் நூற்றாண்டினர் எனக் கொள்ளப்படும் காளமேகத்தின் பாடல்களில் ஒரு முரண்பாடு தென்படுகிறது. வடிவம் கற்றோர்க்குரியது, பொருள்களோ வைக்கோல், எள், எலுமிச்சம்பழம், தேங்காய், நாய் என்பன. பாம்பையும் எள்ளையும் ஒன்றாக்கும் பாடலில் முடிச்சாக அமைவது பிண்ணாக்கு என்னும் சொல். செக்கடியிற் கிடக்கும் பிண்ணாக்கே பாம்பின் பிளவுண்ட நாக்காகவும் மாறுகிறது. இச்சொல்லுக்கு நிகண்டு வேண்டியதில்லை. மாடு வைத்திருப்பவனுக்கும் அது தெரியும். காளமேகம் திருவரங்கத்து மடைப்பள்ளியிற் பணியாற்றியவர் என மரபுக் கதை கூறும். கதையின் உண்மை எவ்வாறாயினும், அரசவைப் புலவரின் செய்யுளுக்குள் அடுக்களையும் வயலும் சந்தையும் நுழைந்துவிட்டன என்பதை அக்கதையை வழங்கியோரும் உணர்ந்திருந்தனர் போலும்.

அக்கதைகளுள் எமகண்டம் பற்றியது தனித்து நோக்கத்தக்கது. திருமலைராயன் அவையில், தண்டிகை ஏறும் பெருமை பெற்ற அதிமதுரகவி முதலான அறுபத்து நால்வருக்கு எதிரே காளமேகம் பாடவேண்டியிருந்தது. கீழே நெருப்பும் கொதிக்கும் எண்ணெயும். உடலிற் கட்டிய கத்திகள். கேட்டவர் கேட்டபடி அக்கணமே பாடாவிடின் உயிர் போகும். 19ஆம் நூற்றாண்டில் அட்டாவதானம் வீராசாமிச் செட்டியார் தமது விநோதரச மஞ்சரியில் இவ்வகைக் கதைகளைச் சுவைபட எழுதி வைத்தார். இதனை நடந்த நிகழ்ச்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயின், ஒரு புரவலனின் வாயிலில் அறுபத்தைந்து புலவர் மோதிக்கொள்ளும் நிலையை இதைவிடத் தெளிவாக எந்த வரலாற்று நூலும் காட்டவில்லை. சொல்விளையாட்டு அங்கே தொழிற்றிறன். பிறரை வெளியேற்றுதற்கான கருவி. கதையின் முடிவில் மன்னன் புலவனை மதியாது விடுகிறான்; புலவன் ஊர்மீது மண்மாரி பொழியுமாறு வசை பாடுகிறான். கூலி கிடையாத உழைப்பாளியின் கனவு அது எனலாம்.

இப்பின்னணியிலேயே அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் பெயரில் வழங்கும் ஒரு பாடலை நோக்குதல் வேண்டும். இப்பாடலிலேயே தமிழ்ச் சொல்விளையாட்டின் சமூகப் பொருள் முழுமையாக வெளிப்படுகிறது என்பது எமது துணிபு. வள்ளல் ஒருவனைப் பாடி வீடு திரும்பிய பாணனிடம், என்ன கொண்டுவந்தாய் என அவன் மனைவி வினவுகிறாள். பெற்று வந்தது ஒரு யானை. பாணன் அதனைக் களபம் என்கிறான். அவள் அதைச் சந்தனம் எனக் கொண்டு பூசிக்கொள் என்கிறாள். மாதங்கம் என்கிறான், மிகுந்த பொன் வந்தது, இனி வாழ்ந்தோம் என்கிறாள். வேழம் என்றதும் கரும்பு என எண்ணித் தின்னச் சொல்கிறாள். பகடு என்றதும், எருது வந்தது, வயலை உழும் என்கிறாள். கம்பமா என்றதும், கம்பு மாவாயின் நல்ல களி ஆகும் என்கிறாள். இறுதியிற் கைம்மா என்கிறான். அவள் கலங்கிப் போகிறாள்.

தண்டியாசிரியர் வகுத்தபடி பார்த்தால், களபம், வேழம், பகடு என்பன செம்மொழி. மாதங்கம், கம்பமா என்பன பிரிமொழி. நிகண்டில் யானைக்குரிய பெயர்களை ஒப்பித்த மாணவன் இவ்வைந்தையும் கேட்ட உடனே மகிழ்வான். அவைக்களத்தார் சிரித்ததும் அதற்காகவே: பாணிச்சி சொற்பொருள் அறியாதவள், தொல்காப்பியர் கூறிய பேதைமை அவளிடத்தே காணப்படுகிறது. இது பாடலின் முதற் சிரிப்பு.

ஆனால், அவள் கூறும் விடைகளை வரிசைப்படுத்தி நோக்குவோம். ஒவ்வொரு சொல்லையும் அவள் தன் வீட்டின் தேவையைக் கொண்டு பொருள் கொள்கிறாள். பூசுதல், வாழ்தல், தின்னல், உழுதல், களி கிண்டுதல் என அவள் அறிந்தவை யாவும் பயன்பாட்டு மதிப்புக்கள். அவளது ஆசை சந்தனத்திலும் பொன்னிலும் தொடங்கிக் கம்பங்களியில் வந்து நிற்கிறது. கம்பு வானம் பார்த்த நிலத்தின் தானியம், எளியோரின் உணவு. இடையில் எருது வருமிடம் இன்னும் கூர்மையானது. பாணர் குடி பரிசிலை நம்பி வாழ்ந்த குடி. உற்பத்தியோடு நேர்த்தொடர்பு அற்றது. எருது என்றதும் அவள் உடனே வயலை நினைக்கிறாள். பாடிப் பெறும் வாழ்விலிருந்து உழுதுண்ணும் வாழ்வுக்கு மாறிவிடலாம் என்னும் எண்ணம் ஒரு கணம் மின்னி மறைகிறது.

ஆறாவது சொல்லாகிய கைம்மாவில் சிலேடை இல்லை. கையை உடைய விலங்கு எதுவென்பதில் ஐயத்துக்கே இடமில்லை. இரட்டைப் பொருள் நின்றுவிட்ட இடத்திலேதான் பசி தெரிய வருகிறது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேற்பட்ட தீவனம் வேண்டும் விலங்கைக் கம்புக்கும் வழியில்லாத குடிசையில் எங்ஙனம் கட்டி வைப்பது? அரண்மனையிற் பெருமையின் சின்னமாக நிற்பது, பாணன் வாயிலில் இன்னொரு வாயாக நிற்கிறது. முதலிற் பேதையாகத் தோன்றியவளே நிலைமையைச் சரியாக அறிந்தவள் என ஆகும்போது, சிரிப்பு திசைமாறிக் கொடுத்தவனைச் சென்று சேர்கிறது. புகழ்ச்சியாகவே தோன்றும் பாடல் பழிகரப்பு அங்கதமாகவும் நின்றுவிடுகிறது. புரவலன் அதனைக் கேட்டு மகிழ்ந்திருப்பின், புலவனின் சாதுரியம் அங்கேதான் வென்றது.

சங்கப் புறப்பாடல்களோடு ஒப்பிடின் வேறுபாடு புலப்படும். குமணனிடம் யானை பெற்ற பெருஞ்சித்திரனார், தமக்குக் கொடாத இளவெளிமானின் காவல் மரத்தில் அதனைக் கொண்டுபோய்க் கட்டினார் என்பது புறநானூற்றுச் செய்தி. அங்கே யானை புலவனின் தன்மானத்துக்குச் சான்று. பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளிவந்த தமது வீரயுகப் பாடல் பற்றிய ஆங்கில நூலில் ஆராய்ந்த பாணர் உலகம், வீரராகவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே மறைந்துவிட்டது. எஞ்சியது பாணன் என்னும் வேடம் மட்டுமே. அவ்வேடத்தைப் பூண்டுகொண்டு, பிற்காலத்துப் புலவன் தன் வறுமையைப் பேசினான்.

ஈழத்தவராகிய நமக்கு இப்பாடலில் மேலுமொரு தொடர்பு உண்டு. யாழ் வாசித்துப் பரிசிலாக மணற்றிடரைப் பெற்ற கண்ணிழந்த பாணனின் கதையுடன் கவிவீரராகவன் என்னும் பெயர் இங்குள்ள மரபுகளிற் கலந்து வழங்குகிறது. வீரராகவ முதலியாரைப் பொதுவாக 17ஆம் நூற்றாண்டில் வைப்பர். யாழ்ப்பாண அரசோ 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. காலக்கணிப்பு இக்கதைக்கு இடம் கொடுக்கவில்லை. ஆயினும், யானைக்குப் பதிலாக நிலம் பெறும் பாணனை மக்கள் கற்பனை செய்துகொண்டமை பொருளுடையது. அதே நூற்றாண்டில் வன்னி யானைகள் ஆனையிறவைக் கடந்து வந்து ஊர்காவற்றுறையிற் கப்பலேறிக்கொண்டிருந்தன. போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் அவற்றைத் தென்னிந்திய வணிகருக்கு விற்றுப் பெரும் பொருள் ஈட்டினர். யானை சந்தைப் பண்டமாகிவிட்ட காலத்தில், அச்சந்தையோடு எத்தொடர்பும் இல்லாத ஒரு வீட்டு முற்றத்தில் அது நிற்பதே பாடலின் அவலமும் நகையும் ஆகும்.

எல்லாத் தனிப்பாடல்களும் இவ்வாறு மேல்நோக்கி எள்ளுவன அல்ல. தாசியரையும் தாழ்த்தப்பட்ட சாதியினரையும் உடற்குறையுடையோரையும் இழிவு செய்யும் பாடல்களும் திரட்டுக்களில் உள. பதிப்பாசிரியர்கள் அவற்றையும் நயம் என்றே குறித்துச் சென்றனர். அச்சு வந்தபின், இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் போன்றோரின் ஆதரவிற் தொகுக்கப்பட்ட இப்பாடல்கள் பாடநூல்களுக்குள் நுழைந்தன. சிலேடை, தேர்வில் விளக்கம் எழுதும் பகுதியாயிற்று. 1930களில் ஆனந்த விகடன் பணப் பரிசுடன் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியபோது, சொற்புதிருக்குப் புரவலனாகச் சந்தையே வந்து அமர்ந்தது. அது தனியே ஆராய வேண்டிய பொருள்.

நொடியின் உலகம் வேறு. கிணறு, உரல், தேங்காய், ஊசியும் நூலும் என உழைப்போர் கைபட்ட பொருள்களே அதன் விடைகள். வயற்காவற் பரணிலும், பாய் பின்னும் திண்ணையிலும் நொடி போட்டவருக்குப் பரிசில் எதுவும் இல்லை. விடை தெரியாதவர் தோல்வியை ஒப்புக்கொள்வார், அடுத்த நொடியில் வென்றுவிடுவார். போடுபவரும் அவிழ்ப்பவரும் இடம் மாறிக்கொண்டேயிருப்பர். எமகண்டத்தோடு இதனை ஒப்பிட்டால், ஒரே மொழியின் ஒரே விளையாட்டு இருவேறு உறவுகளில் எவ்வளவு வேறுபடுகிறது என்பது விளங்கும்.

இவ்விரு உலகங்களும் சந்திக்கும் இடமாகக் கம்பரையும் ஔவையையும் பற்றிய கதையைக் கூறலாம். ஒற்றைத் தண்டும் நான்கு இலையும் உடைய ஆரைக்கீரையை மறைத்துக் கம்பர் புதிர் போட்டார்; போடும்போது பெண்ணை ஏளனமாக விளிக்கும் 'அடீ' என்பதையும் சேர்த்துக்கொண்டார். ஔவை வசையை அடுக்கி, 'அடா' எனத் திருப்பி விளித்து, விடையையும் கூறினார். அவர் கையாண்ட ஆரை என்னும் சொல்லில் கீரையும் உண்டு, யாரைப் பார்த்துக் கூறினாய் என்னும் அதட்டலும் உண்டு. இதனையும் நடந்த நிகழ்ச்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. அரசவைப் பெரும்புலவனை ஊர்ப்பெண்ணொருத்தி அவனது புதிரின் விடைகொண்டே அடக்கவேண்டுமென விரும்பியவர்கள் அக்கதையை ஆக்கினர். இச்சிலேடையை விளங்கிக்கொள்ள நிகண்டு தேவையில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் யார் என்பது இன்றும் ஆர் என்றே வழங்குதலால், கீரை பிடுங்கும் சிறுமிக்கும் அது கேட்ட மாத்திரத்தில் விளங்கும்.