வீடற்றோர் முறையீடு (இந்தியா)

வீடற்றோர் முறையீடு என்பது தெருவோரம் வாழ்வோர் தமக்கு இழைக்கப்பட்ட அடி, வசை, உடைமைப் பறிப்பு போன்ற கொடுமைகள் குறித்துச் சட்டப்படி புகார் அளிப்பதாகும். வீடில்லாததால் இவ்வுரிமை எவருக்கும் குறைவதில்லை.

காவல் நிலையம்: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொல்வதை அதிகாரி எழுதிப் படித்துக்காட்ட வேண்டும். புகாரின்பேரில் பதியப்படும் முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிய மறுத்தால் புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம்.

மனித உரிமை ஆணையம்: நள்ளிரவில் நடைபாதையில் உறங்குபவரை லத்தியால் அடித்து எழுப்புவது, போர்வையையும் துணி மூட்டையையும் குப்பை வண்டியில் வீசுவது போன்ற அரசு ஊழியரின் அத்துமீறல்களை 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தேசிய அல்லது மாநில ஆணையத்திடம் முறையிடலாம். கட்டணமில்லை, பாதிக்கப்பட்டவர் சார்பில் பிறரும் மனு அளிக்கலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் அளிக்க வேண்டும். பதில் கடிதம் பெற, காப்பகத்தின் அல்லது உதவுபவரின் முகவரியைத் தருவது நன்று.

சட்ட உதவி: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, தகுதியுள்ளோருக்கு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தும். தொலைபேசி உதவி எண் 15100.