பாக்ஸ்2டி: ஓர் இயற்பியல் நிரலகத்தின் வளர்ச்சி (2006–2025)

இருபரிமாணக் கணினி விளையாட்டுகளில் பொருள்கள் விழுவதையும் மோதுவதையும் அடுக்கினால் நிற்பதையும் கணக்கிட்டுத் தரும் திறந்த மூல நிரலகம் பாக்ஸ்2டி. எரின் காட்டோ உருவாக்கிய இந்நிரலகம் இருபது ஆண்டுகளுக்குள் மொழி, உரிமம், கணக்கீட்டு முறை ஆகிய மூன்றிலும் மாறியிருக்கிறது. தன் தீர்வுகளையே மீண்டும் சோதித்துப் பார்க்கும் பழக்கம்தான் அதை நிலைக்கச் செய்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

தொடக்கம்

2006ஆம் ஆண்டு விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் காட்டோ ஆற்றிய உரைக்குத் துணையாக எழுதப்பட்ட சிறிய செய்முறை நிரலே இதன் வித்து. ‘தொடர் கணத்தாக்கு’ முறையை அது விளக்கியது. பத்துப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதாகக் கொள்வோம். அவை ஒன்றினுள் ஒன்று புகாதவாறு ஒவ்வொரு தொடுபுள்ளியிலும் ஒரு கணத்தாக்கு, அதாவது நொடிப்பொழுது உந்துதல், தரப்படுகிறது. கீழே சரிசெய்தால் மேலே குலையும். மேலே சரிசெய்தால் கீழே குலையும். ஆகவே எல்லாப் புள்ளிகளையும் பலமுறை சுற்றிவர வேண்டும். நொடிக்கு 60 முறை விடை காண வேண்டிய விளையாட்டில் அதற்கு அவகாசம் இல்லை. எனவே ஒரு கணக்கீட்டுக் கட்டத்தில் கிடைத்த கணத்தாக்கைத் தொடுபுள்ளியோடு சேமித்து, அடுத்த கட்டத்தை அதிலிருந்தே தொடங்கினார் காட்டோ. அசையாத அடுக்கில் விடை அதிகம் மாறுவதில்லை என்பதால் சில சுற்றுகளிலேயே அடுக்கு நிலைபெற்றது.

பரவல்

2007 செப்டம்பரில் நிரலகம் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் வெளியானது. விரைந்து செல்லும் பொருள் மெல்லிய சுவரை ஊடுருவிப் போகும் பிழையைத் தடுக்க, 2008இல் வந்த 2.0 பதிப்பு மோதும் நேரத்தை முன்கூட்டிக் கணிக்கும் முறையைச் சேர்த்தது. மோதக்கூடிய இணைகளைத் தேடுவதற்குப் புல்லட் என்னும் இன்னொரு திறந்த மூல நிரலகத்தின் மர அமைப்பு பின்னர் முன்மாதிரியாயிற்று. பிறர் இந்நிரலகத்தை ஃபிளாஷ் தளத்துக்கும் ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளுக்கும் கொண்டுசென்றனர். 2009இல் வெளியான ஆங்க்ரி பேர்ட்ஸ் விளையாட்டில் கட்டைகள் சரிந்ததும் இதன் கணக்கின்படியே. 2020இல் நிரலகம் எம்ஐடி உரிமத்துக்கு மாறியது.

மறுகட்டமைப்பு

2024 தொடக்கத்தில் காட்டோ ஒரு தனிச் சோதனை நிரலை எழுதி, தன் பழைய முறை உட்படப் பல தீர்வுமுறைகளை ஒரே காட்சிகளில் ஓடவிட்டு ஒப்பிட்டார். ஒரே கட்டத்துக்குள் பலமுறை சுற்றுவதைவிட, கட்டத்தையே சிறு துணைக்கட்டங்களாகப் பிரித்து, தொடுகையைச் சற்றே நெகிழ விடும் முறை மேலானதாகத் தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த 3.0 பதிப்பு அதை ஏற்றது. சி++ மொழியிலிருந்து சி மொழிக்கு நிரல் முழுவதும் திருப்பி எழுதப்பட்டது. பல செயலிக் கருக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்வதற்காக, நகரும் பொருள் ஒன்றைப் பகிரும் இரு மோதல்கள் ஒரே குழுவில் விழாதவாறு மோதல்கள் நிறவாரியான குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. பழைய பதிப்பைப் பயன்படுத்தியோர் தம் நிரலை மாற்றி எழுத வேண்டியிருந்தது. அது சிறிய விலை அன்று. 2025இல் வந்த 3.1 பதிப்பு, வெவ்வேறு வகைக் கணினிகளிலும் ஒரே விடை தரும் வகையில் அமைந்தது.

முடிவு

இத்தனை மாற்றத்திலும் முந்தைய கணத்தாக்கிலிருந்து தொடங்கும் உத்தி நீங்கவில்லை. பழைமையால் அது காக்கப்படவில்லை; ஒப்பீட்டில் வென்றதால் நின்றது. நிரலகத்தின் மூலத்தைத் திறந்து வைப்பது முதல் படி. அடுத்த படியாக, ஒப்பீட்டுக்கு எழுதிய சோதனை நிரலையும் காட்டோ பொதுவில் வைத்தார். ஒரு முறை ஏன் கைவிடப்பட்டது என்பதைப் பயனர் எவரும் தம் கணினியிலேயே ஓட்டிச் சரிபார்க்கலாம். அறிவியல் நிரலகங்களைப் பராமரிப்போர் இவ்வழக்கத்தைக் கடமையாகவே கொள்ள வேண்டும்.