புகையிலைக் காசில் ஒரு பள்ளிக்கூடம்

நம் சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்தில் உதவித்தொகை நிதி பற்றிப் பேச்சு வந்தபோது சீனியர் ஒருவர் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டார். "புகையிலை வியாபாரி ஒருத்தர் நம்ம பசங்க படிப்புக்குப் பணம் தர்றேன்னு வந்தா வாங்கலாமா, வேண்டாமா?" பாதிப் பேர் "வேண்டவே வேண்டாம்" என்றார்கள். மீதிப் பேர் "பணத்துக்கு ஏதுங்க வாசனை" என்றார்கள். முடிவு எடுப்பதற்குள் காபி வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டினேன். அதுதான் இந்தக் கட்டுரை.

சுருட்டுக்கும் படிப்புக்கும் உள்ள உறவு பழையது. 1865-ல் கியூபாவின் ஹவானா நகரில், 'எல் ஃபிகாரோ' என்ற சுருட்டுத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் ஆரம்பமானது. தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து சுருட்டு சுற்றுவார்கள். ஒருவர் அவர்களுக்குச் செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படித்துக் காட்டுவார். அந்த வாசிப்பாளருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி அல்ல. தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து போட்டுக் கொடுத்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் விக்டர் ஹ்யூகோவைக் காதால் படித்தார்கள். அமெரிக்காவின் டாம்பா நகரத்துக்குக் குடிபோனபோது இந்தப் பழக்கத்தையும் கையோடு கொண்டு போனார்கள். வாசிப்பவர் புரட்சிக் கருத்துக்களைப் பரப்புகிறார் என்று சொல்லி, 1931-ல் டாம்பா முதலாளிகள் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

அதே டாம்பாவில் தொழில் நடத்திய இரண்டு குடும்பங்கள் நியூமனும் ஃபுவெந்தேயும். நியூமன் கம்பெனி 1895-ல் கிளீவ்லாந்தில் தொடங்கி 1954-ல் டாம்பாவுக்கு வந்தது. ஃபுவெந்தே கம்பெனி 1912-ல் தொடங்கியது. 1980-ல் டொமினிக்கன் குடியரசுக்குப் போனது. அங்கே பொனாவோ ஊருக்குப் பக்கத்தில் அவர்களுக்குப் புகையிலைத் தோட்டம். சுற்றிலும் ஏழைக் கிராமங்கள். 2001-ல் இரண்டு குடும்பங்களும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை ஆரம்பித்து, 2004-ல் அங்கே ஆரம்பப் பள்ளியைத் திறந்தன. பிறகு உயர்நிலைப் பள்ளியும் வந்தது. நிர்வாகச் செலவைக் குடும்பங்களே ஏற்றுக்கொண்டதால், நன்கொடை முழுக்கப் பிள்ளைகளுக்கே போனது.

பணம் வந்த வழிகளில் ஒன்று ஏலம். விழுப்புரம் பக்கம் பங்குனி உத்திரத்தில் முருகன் வேலில் செருகிய எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கில் ஏலம் கேட்பார்கள் அல்லவா, அதே கதைதான். கடையில் கிடைக்காத சுருட்டு, அதைப் பதமான ஈரத்தில் வைத்துக் காக்கும் மரப்பெட்டி, இவற்றுக்குச் சுருட்டுப் பிரியர்கள் போட்டி போட்டு விலை ஏற்றுவார்கள். கொடுப்பவருக்குச் செலவு கொஞ்சம். வரவு பல மடங்கு. வாங்கியவருக்கும் நாலு பேர் முன்னால் கை தூக்கிய பெருமை!

சரி, இது நல்ல பணமா? புகையிலை வாய், தொண்டை, நுரையீரல் எல்லாவற்றிலும் புற்றுநோய் கொண்டுவரும் சரக்கு. அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் 1896-ல் வாஷிங்டன் டியூக் என்ற புகையிலை வியாபாரி ஒரு கல்லூரிக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தபோது, "பெண்களையும் சமமாகச் சேர்க்க வேண்டும்" என்று நிபந்தனை போட்டார். 1924-ல் அவர் மகன் 4 கோடி டாலரில் அறநிதி ஏற்படுத்தினார். அந்தக் கல்லூரி டியூக் பல்கலைக்கழகம் ஆனது. அதே பல்கலைக்கழகம் 2020-ல் தன் வளாகத்தில் புகைபிடிக்கவே தடை போட்டது!

இவ்வளவும் படித்தபிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். பொனாவோவில் அந்தக் குடும்பங்கள் கொடுத்தது தங்கள் தோட்டத்தைச் சுற்றி வாழும் பிள்ளைகளுக்கு. அது ஒரு வகையில் கடன் தீர்ப்பு. அந்த மண்ணில் சம்பாதித்தது அந்த மண்ணுக்கே திரும்பியது. நம் கல்லூரிக்கு அப்படி எந்தக் கடனும் யாரும் படவில்லை. இங்கே வந்தால் அந்தப் பணம் ஒரு பெயர்ப்பலகையாகத்தான் நிற்கும். பதினெட்டு வயதுப் பையன் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போவான். புகையிலை விளம்பரத்துக்கு 2003-ம் வருடச் சட்டமே தடை போட்டிருக்க, அந்த வேலையை நாம் இலவசமாகச் செய்வானேன்? என் ஓட்டு 'வேண்டாம்' என்பதற்கே.

ஆனால் 'வேண்டாம்' என்று சொன்னால் போதுமா? பையனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டாமா? ஹவானாவின் சுருட்டுத் தொழிலாளி தன் கூலியிலிருந்து காசு எடுத்து வைத்தான். நம் சம்பளம் அவனுடையதைவிடக் குறைவில்லை. அடுத்த கூட்டத்தில் காபி வருவதற்கு முன்பே மாதச் சந்தா எவ்வளவு என்று முடிவு செய்துவிடுவோம், நண்பர்களே.