மாசத்துக்கு ஒண்ணா, ஆளுக்கு ரெண்டா?

அமெரிக்காவில் சில மாநிலங்களில் ஒரு சட்டம் உண்டு. கைத்துப்பாக்கி வாங்குறதுன்னா மாசத்துக்கு ஒண்ணுதான். 1975-ல் தென் கரோலினா இதைக் கொண்டுவந்தது. 1993-ல் வர்ஜீனியாவும் 1996-ல் மேரிலாந்தும் தொடர்ந்தன. குற்றப் பின்னணி இல்லாத ஒருவர் வர்ஜீனியாவில் மொத்தமாக வாங்கி, கட்டுப்பாடு அதிகமான நியூயார்க்கில் கள்ளத்தனமாக விற்பதுதான் அன்றைய தலைவலி. அதைத் தடுக்க வந்த சட்டத்தை வர்ஜீனியா 2012-ல் நீக்கியது, 2020-ல் திரும்பக் கொண்டுவந்தது.

நம்ம நாட்டில் இப்படி ஒரு 'மாசக் கணக்கு' ஏன் இல்லை? தேவைப்படவே இல்லை என்பதுதான் பதில்.

1801-ல் பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டு, தென் தமிழகத்தில் ஆயுதங்களுக்குத் தடை போட்டார். 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம், உரிமம் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்றது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு. 1930-ல் காந்தி வைத்த பதினோரு கோரிக்கைகளில் தற்காப்புக்கான துப்பாக்கி உரிமமும் ஒன்று என்றால் பலர் நம்பமாட்டார்கள்.

சுதந்திர இந்தியாவின் 1959 சட்டத்தில் அந்த இனப் பாகுபாடு இல்லை. ஆனால் உரிமம் அப்படியே நின்றது. 'எதுக்கு வேணும்?' என்பதுதான் அதன் முதல் கேள்வி. சட்டம் ஏற்கும் காரணங்களில் பயிர்க்காவலும் ஒன்று. காட்டுப்பன்றியை விரட்ட விவசாயி நாட்டுத் துப்பாக்கி கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் அந்த வயல்கள் பலவும் இன்று சிப்காட் வளாகங்கள். வயலே போன பிறகு பயிர்க்காவல் ஏது? இப்போது அங்கே துப்பாக்கி கண்ணில் படுவது ஏ.டி.எம். பணவண்டிக் காவலர் தோளில்தான்.

அடுத்தது எண்ணிக்கை. 1983 திருத்தம் ஆளுக்கு மூன்று என்று வரம்பு வைத்தது. 2019-ல் அதை ஒன்றாகக் குறைக்க மசோதா வந்தது. எதிர்ப்பு கிளம்பவே இரண்டு என்று முடிந்தது. மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சொன்னார்கள். துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் தளர்வு.

காலக் கணக்கு நம்மிடமும் இருக்கு, ஆனால் தோட்டாவுக்கு. ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும். ஒவ்வொரு முறை விற்கும்போதும் கடைக்காரர் அதில் குறித்துத் தரணும்.

இவ்வளவு கணக்கும் யாருக்கு? உரிமம் வாங்கியவருக்கு. அமெரிக்காவில் கள்ளச்சந்தைக்கான சரக்கு பெரும்பாலும் கடையில் முறைப்படி வாங்கப்பட்டதுதான். அதனால் கடையில் போடும் வரம்புக்கு அங்கே அர்த்தம் உண்டு. இந்தியாவில் பிடிபடும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை உரிமமே இல்லாதவை. பீகாரின் முங்கேர் போன்ற இடங்களில் திருட்டுப் பட்டறைகளில் செய்தவை. அவற்றுக்கு ரசீதும் கிடையாது, மாசக் கணக்கும் கிடையாது. 2019 திருத்தம் கள்ளத்தனமாகத் தயாரிப்பவர்களுக்கு ஆயுள் தண்டனை வரை வைத்தது. என்னைக் கேட்டால், மூன்றை இரண்டாக்கியதைவிட உயிர்களைக் காப்பாற்ற வாய்ப்புள்ள பகுதி அதுதான். ஆனால் பட்டறையைத் தேடிப் போய்ப் பூட்டினால்தான் அதற்கும் பலன்.